இடம் மாறிய செருப்பு

அத்தியாயம் 9

மேடம் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "உன் புத்தகத்தை எடு" என்றார்.

"எந்தப் புத்தகம் மேடம்?"

"காலையிலேருந்து அட்டையைக்கூடத் திறக்காம, மூணாவது படத்துல நிழல் இல்ல, ஏழாவது படத்துல குடை விரியலன்னு ஒப்பிச்சிட்டிருக்க. உன்கிட்ட ஒண்ணு இருக்கு. அதுவும் பையிலேயே இருக்கு."

பையிலேயேதான் இருந்தது. உறை போட்டு, அந்த உறைக்கு மேல் இன்னொரு உறை. வாய் ஓயாததால் ரேடியோ என்று பெயர் வாங்கிய அந்த உதவியாளன், இந்த ஒன்றை மட்டும் மேடத்திடம் மறைத்திருந்தான். முப்பத்துநாலு வயதில் ஒரு பாடகனின் படப் புத்தகத்தைக் கைக்குழந்தை மாதிரி சுமந்து திரிகிறான் என்று தெரிந்தால் இருக்கிற கொஞ்ச மரியாதையும் போய்விடும்.

பாடகனை எல்லோரும் ஊமையன் என்றுதான் சொன்னார்கள். ஆறு வயது வரை பேச்சு வராதவன். மேடையிலும் பாடுவானே தவிர ஒரு வார்த்தை பேச மாட்டான். எட்டு மாதத்துக்கு முன் வந்த அவனுடைய தொகுப்போடு, பதினோரு பாட்டுக்குப் பதினோரு படம் என்று ஒரு புத்தகமும் வந்தது. வந்த வாரமே ரசிகர்கள் அதில் சாவைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மூன்றாவது படத்தில் நிற்கிற ஆளுக்கு நிழல் இல்லை. ஏழாவதில் பதினோரு குடைகளில் ஒன்று விரியவில்லை. ஆக, ஊமையன் இரண்டு வருடத்துக்கு முன்பே கார் விபத்தில் போய்ச் சேர்ந்துவிட்டான், பாட்டைப் பாடியது வேறு எவனோ, ஓவியருக்கு மட்டும் மனசு கேட்காமல் படத்தில் உண்மையைச் சொல்லிவிட்டார். இதுதான் கதை. கதைக்குத் தோதாக, இரண்டு வருடமாக அவனை யாரும் நேரில் பார்க்கவில்லை. தனிமையில் பாட்டு எழுதுகிறார் என்று மேலாளர் மட்டும் மாதம் ஒரு அறிக்கை விட்டுக்கொண்டிருந்தார்.

ஊமையனின் அக்கா இன்று காலை மேடத்தின் துப்பறியும் அலுவலகத்தைத் தேடி வந்திருந்தாள். கண்ணாடிக் கடையில் வேலை. ஆரம்பத்தில் வதந்தியைக் கேட்டு அவள் சிரித்திருக்கிறாள். டிவிக்காரர்கள் மைக்கை நீட்டியபோதெல்லாம், என் தம்பி நல்லா இருக்கான், வேற வேலையைப் பாருங்க என்று சொல்லியிருக்கிறாள். அவள் அப்படிச் சொன்ன ஒவ்வொரு தடவையும் வதந்திக்குக் காற்று இறங்கியது, வதந்தியால் ஏறிய விற்பனைக்கும். பிறகு ஒரு நாள் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு தபாலில் வந்தது. கடிதம் இல்லை. ஒன்பதாவது படத்தைப் பார்த்தவள் அன்றிலிருந்து சிரிக்கவில்லை; டிவியில் மைக்கை நீட்டினால் அழுதாள்.

ஒன்பதாவது படத்தில் ஒரு மூடிய கதவு. வாசலில் ஒரு ஜோடி செருப்பு. இடது காலுக்கு உரியது வலது பக்கமும், வலது காலுக்கு உரியது இடது பக்கமும் இருந்தன.

பேச்சு வராத வயதில் தம்பிக்கு அது ஒரு பாஷை. அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்த வருடம். பள்ளியிலிருந்து வரும் அக்காவுக்கு வீட்டு நிலவரத்தைச் சொல்ல, அவளுடைய பழைய செருப்பை வாசலில் வைப்பான். நேராக இருந்தால் உள்ளே வரலாம். மாறியிருந்தால் மனசைத் திடப்படுத்திக்கொண்டு வர வேண்டும். அது ஒரே ஒரு நாள்தான் மாறியிருந்தது. அன்று வாசற்படியில் எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. இதை அவர்கள் இருவரைத் தவிர யாரும் அறிந்ததில்லை; அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

"சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போலீஸ்ல புகார் கொடுக்கறதா சொல்லிட்டேன். டிவிக்காரங்க எல்லாம் வந்துடுவாங்க" என்று காலையில் மேடத்திடம் சொன்னாள். "அதுக்குள்ள ஒண்ணே ஒண்ணு தெரியணும். நான் அழலாமா, கூடாதா?"

இப்போது மேசையில் இரண்டு புத்தகங்களும் ஒன்பதாவது படத்தில் திறந்து கிடந்தன. அக்காவுடையது இரண்டாம் பதிப்பு. ரேடியோவுடையது முதல் நாள் வரிசையில் நின்று வாங்கிய முதல் பதிப்பு. கதவு அதே கதவு. தாழ்ப்பாளில் இருந்த கீறல்கூட அதே கீறல்.

ரேடியோவின் புத்தகத்தில் செருப்பு நேராக இருந்தது.

ரசிகர் சங்கத்தில் இத்தனை பேர் இருந்தும் இதை ஒருத்தன்கூடக் கவனிக்கவில்லையே என்று அவனுக்கு வெட்கமாகிவிட்டது. முதல் பதிப்பு வைத்திருக்கிறவன் எவனும் இரண்டாவதைத் தொட மாட்டான், அது கௌரவக் குறைச்சல் என்று மேடத்துக்கு விளக்கினான்.

மேடம் ஆறு வருடம் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் இருந்தவர். அங்கே பழகிய மெல்லிய குரல் இன்னும் போகவில்லை. "லட்சம் பேர் பார்க்கற புத்தகம். ஒரே ஒருத்தருக்கு மட்டும் புரியற மாத்தம். இது துப்பு இல்லடா. தபால்" என்றார்.

"அனுப்பினது?"

"அந்தப் பாஷை தெரிஞ்சவங்க ரெண்டே பேர். ஒருத்தங்க காலையில நம்ம நாற்காலியில உட்கார்ந்திருந்தாங்க."

ரேடியோ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். அப்படியென்றால் ஊமையன் உயிரோடு இருக்கிறான் என்று சொல்ல வாயெடுத்தான். மேடம் கையமர்த்தினார். சாகிறதுக்கு முன்னால் வேறு யாரிடமாவது சொல்லிவிட்டும் செத்திருக்கலாம் என்றார். மணி ஒன்றரை.

ஓவியரின் வீட்டுக் கதவில் ஒரு அட்டை தொங்கியது. 'நிழலைப் பற்றிக் கேட்க வேண்டாம்.' அதன் கீழே சின்ன எழுத்தில், 'குடையைப் பற்றியும்.'

"மேடம், செருப்பு இந்தப் பட்டியல்ல இல்ல. தைரியமா கேட்கலாம்" என்று ரேடியோ மணியை அழுத்தினான்.

ஓவியர் அறுபதைத் தாண்டியவர். எட்டு மாதமாகத் தூக்கம் கெட்டவரின் கண்கள். கேட்காமலேயே நிழலைப் பற்றிச் சொன்னார். அவர் வேலை செய்கிற விதம் அப்படி. எல்லாப் படங்களையும் முடித்த பிறகு, கடைசி நாளில் ஒரே கிண்ணத்தில் மையைக் கரைத்து, பதினொன்றுக்கும் ஒரே மூச்சில் நிழல் போடுவார். அப்போதுதான் எல்லா நிழலும் ஒரே சாயலில் வரும். மூன்றாவது படத்தை மட்டும் சுவரொட்டிக்கு வேண்டுமென்று மேலாளர் இரண்டு நாள் முன்னதாகவே வாங்கிப் போய்விட்டார். திரும்பி வரவில்லை. அந்த ஆளுக்கு நிழல் இல்லாமல் போன கதை அவ்வளவுதான். குடை விஷயம் அதைவிட எளிது. பதினோராவது குடையை விரித்தால் பின்னாலிருக்கும் ஜன்னல் மறைந்துவிடும். ஜன்னலை வரைய அவருக்கு நாலு நாள் ஆகியிருந்தது.

ரேடியோவின் முகம் தொங்கிப்போனது. அந்த விரியாத குடையைப் பற்றி அவன் சங்கத்தில் நாற்பது நிமிடம் பேசியிருக்கிறான். இரண்டு பேர் அழுதிருக்கிறார்கள்.

செருப்பு என்றதும் ஓவியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அலமாரியிலிருந்து மூலப் படத்தை எடுத்துக் காட்டினார். அதில் செருப்பு நேராகத்தான் இருந்தது. இரண்டாம் பதிப்பைப் பார்த்ததும் அச்சகக்காரர்கள் குளறிவிட்டார்கள் என்று நினைத்து மேலாளரிடம் சண்டைக்குப் போனாராம். வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

"என் படத்துல எவனோ கை வச்சிருக்கான். ஆள் செத்தானா இருக்கானான்னு எனக்குத் தெரியாது" என்றார். "ஆனா என் செருப்பைத் தொட்டவன் உயிரோட இருந்தா, என் கையில சிக்கினா, அப்புறம் இருக்க மாட்டான்."

அச்சகத்தின் முகவரியை வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள்.

அச்சகத்தின் முதலாளியம்மாவுக்கு இயந்திரச் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி, இயந்திரம் நின்ற பிறகும் அதே உச்சக் குரல்தான். மேடத்தின் மெல்லிய குரலும் அந்தம்மாவின் குரலும் சந்திக்கவே முடியாமல், நடுவில் ரேடியோ நின்று ஒருவர் சொன்னதை இன்னொருவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். பிறந்ததிலிருந்து இந்த வேலைக்காகத்தான் தன்னைத் தயார் செய்தார்கள் போலிருக்கிறது என்று ஒரு வரி நடுவில் சேர்த்துக்கொண்டான்.

மேலாளர் வந்து இரண்டாம் பதிப்பின் தாள்கள் எல்லாவற்றையும் எண்ணி எடுத்துப் போய்விட்டதாக அந்தம்மா கத்தினார். ஒரு துண்டுகூட விடவில்லையாம். அப்படியா என்று மேடம் கேட்டுவிட்டு, சுவரோரம் அடுக்கியிருந்த காகிதக் கட்டுகளைப் பார்த்தபடி, நாளைக்கு எவனாவது வந்து நான் இப்படி அடிக்கச் சொல்லவில்லை என்று சண்டை போட்டால் எதைக் காட்டுவீர்கள் என்று கேட்கச் சொன்னார்.

அந்தம்மா முதல் முறையாகக் குரலைத் தாழ்த்தினார். எந்த அச்சகமும் அதைக் கையை விட்டுக் கொடுக்காதாம். வாடிக்கையாளர் தன் கையால் திருத்தம் எழுதிய தாளுக்கு இங்கே தனிக் கட்டு. சண்டைக் கட்டு என்று பெயர். மேலாளருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தெரிந்தால்தானே கேட்பார்?

கட்டிலிருந்து வந்த தாளில் ஒன்பதாவது படம். செருப்பைச் சுற்றி நீல மையில் ஒரு வட்டம். பக்கத்தில், செருப்பு ரெண்டும் இடம் மாறணும், வேற எதையும் தொட வேண்டாம் என்று கையால் எழுதியிருந்தது. பின்பக்கம் அச்சகத்தின் தேதி முத்திரை. நாலு மாதத்துக்கு முந்தைய தேதி.

"மேலாளர் கையெழுத்தா?" என்று மேடம் கேட்டார்.

ரேடியோ பதில் சொல்லவில்லை. அவன் பேசாமலிருந்ததைக் கண்டு மேடம் திரும்பிப் பார்த்தார். அவன் விரல் எழுத்துகளுக்கு நடுவே இருந்த சின்னச் சின்னக் கொக்கிகளின் மேல் நகர்ந்துகொண்டிருந்தது. மாறணும் என்பதற்குப் பின்னால் ஒரு கொக்கி. தொட வேண்டாம் என்பதற்குப் பின்னால் ஒரு கொக்கி.

ஊமையனின் கையால் எழுதிய பாட்டுத் தாள்களின் நகலைச் சங்கத்தில் எல்லோரும் வைத்திருக்கிறார்கள். பாடும்போது எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்று அவன் இப்படித்தான் குறித்து வைப்பான். பழக்கம் ஊறிப்போய், கடைக்கு எழுதுகிற சாமான் சீட்டில்கூடக் கொக்கி போடுவான் என்று ஒரு பேட்டியில் அக்காவே சொல்லியிருக்கிறாள். இதை ரேடியோ ஒரு வழியாகச் சொல்லி முடித்தான்.

"கையெழுத்தைக் காப்பியடிக்கறவன் எழுத்தைப் பார்ப்பான்" என்றார் மேடம். "மூச்சைப் பார்க்க மாட்டான். நாலு மாசத்துக்கு முன்னால உன் ஆள் பேனா பிடிச்சிருக்கான்."

டிவியில் அந்தப் பெண் அழுததைத் தானும் பார்த்ததாகவும், கொண்டுபோய் அவள் கையில் கொடுத்துவிடுங்கள் என்றும் சொல்லி அந்தம்மா தாளை நீட்டினார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லையா என ரேடியோ கேட்டான். அச்சடிப்பதையெல்லாம் படிக்க ஆரம்பித்தால் கடையை மூட வேண்டியதுதான் என்று பதில் வந்தது. இயந்திரத்தின் பக்கத்தில் குத்தி வைப்பதற்காகத் தாளின் அடிப்பகுதியை மடித்திருந்தார்கள். மடிப்பு மடிப்பாகவே அது ரேடியோவின் பைக்குள் போனது.

ஸ்கூட்டரில் போகும்போது அவன் பாடிக்கொண்டே வந்தான். சுருதி எந்தப் பக்கம் போனதென்று அவனுக்குக் கவலையில்லை. ஆள் இருக்கிறான். யாரோ அடைத்து வைத்திருக்கிறார்கள், வெளியே சொல்ல முடியாமல் அக்காவுக்குச் சாடை காட்டியிருக்கிறான். மிச்சத்தை மேடம் பார்த்துக்கொள்வார். அக்காவின் தெரு முனையில் கூட்டமாக இருந்ததால் ஒரு மரத்தடியில் நிறுத்தினார்கள். மணி நாலே கால். கையெழுத்தை இன்னொரு தடவை பார்க்கும் ஆசையில் தாளை எடுத்தான். ஆசை மிகுதியில் மடிப்பையும் பிரித்தான்.

அடியிலும் எழுதியிருந்தது. அதே நீல மை. மேலே இருந்தது அச்சகத்துக்கு. கீழே இருந்தது மேலாளருக்கு.

'அக்கா டிவியில பேசறது நிக்கணும். இதைப் பார்த்தா நம்பிடுவா. அவ நம்பிட்டா எல்லாரும் நம்புவாங்க. மறக்காம அவளுக்கு ஒரு காப்பி அனுப்பிடுங்க.'

ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு கொக்கி.

ரேடியோ மூன்று தடவை படித்தான். அடைத்து வைக்கவில்லை. மிரட்டி எழுத வாங்கவில்லை. மிரட்டப்பட்டவன் 'மறக்காம' என்று எழுத மாட்டான்.

தாளை மேடத்திடம் கொடுத்தான். அவர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இருவரும் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தச் சுவரில், நிழல் இல்லாத ஆளின் சுவரொட்டி.

"மடிப்புலயே கிழிச்சா சுத்தமா வந்துடும் மேடம்" என்றான். "அவங்க கேட்டது உயிரோட இருக்கானான்னுதானே? மேல் பாதியிலயே பதில் இருக்கு."

ஆய்வகத்தில் வடிகட்டச் சொன்னால் சில பிள்ளைகள் தெளிந்த தண்ணீரை மட்டும் கொண்டுவந்து காட்டுவார்கள் என்றார் மேடம். தாளில் தங்கிய கசடு எங்கே என்றால், கொட்டிவிட்டோம் என்பார்களாம்.

"நான் அதுக்கு மார்க் போட்டதில்ல."

"மார்க் உங்களுக்கு. அழப்போறது அவங்க."

"அவங்க நாலு மாசமா அழறாங்க. எதுக்குன்னு தெரிஞ்சிக்கட்டும்."

ரேடியோ மடிப்பின் மேல் நகத்தை ஒரு தடவை ஓட்டினான். கிழிக்கவில்லை.

வீட்டுக்குள் அக்கா புகார் மனுவைச் சுத்தமாக நகல் எடுத்துக்கொண்டிருந்தாள். வெளியே ஐம்பது அறுபது பேர். மைக்குகளைக் கேட்டில் கட்டியிருந்தார்கள். தாளை மேடம்தான் கொடுத்தார், மடிப்பு மடிப்பாகவே. எழுத்தைப் பார்த்ததும் அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள்.

"கை நடுங்கல பாருங்க" என்றாள். "அவனுக்குக் காய்ச்சல்னா 'ற' கோணலாகிடும். இது நேரா இருக்கு. நல்லா சாப்பிடறான்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். ரேடியோவுக்கு அந்த நேரத்தில் ஒரே ஒரு வேண்டுதல்தான் இருந்தது. அவள் இப்படியே எழுந்து போய்விட வேண்டும்.

பிரித்துவிட்டாள்.

வாய்விட்டுப் படித்தாள். கொக்கி வந்த இடத்தில் எல்லாம் தானாக நின்று மூச்சு வாங்கினாள். அவன் பாட்டுத் தாள்களை அவள்தான் முதலில் படித்துக் காட்டுவாள் என்பது ரேடியோவுக்கு ஞாபகம் வந்தது. நான்காவது கொக்கியில் நின்றவள் மூச்சை விடவே இல்லை போலிருந்தது.

"ஆறு வயசு வரைக்கும் அவனுக்காக நான்தான் பேசினேன்" என்றாள் கடைசியாக. "பசிக்குதுன்னு, வலிக்குதுன்னு, வாத்தியார்கிட்ட, டாக்டர்கிட்ட. எல்லாம் நான்தான். இப்ப நான் பேசறது நிக்கணுமாம்."

மேடம் ஏதோ சொல்ல வந்தார். அக்கா எழுந்து முகம் கழுவப் போய்விட்டாள். திரும்பி வந்து மனுவை நாலாகக் கிழித்தாள். ஊமையனின் தாளை மட்டும் மடித்துப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். அதை வெளியே காட்டினால்தான் நம்புவார்கள் என்று மேடம் சொல்லிப் பார்த்தார்.

"அவன் எழுத்தைத் தெருவுல காட்ட மாட்டேன். ஆயிரம் இருந்தாலும் என் தம்பி. ஆனா எனக்கு வாய் இருக்கு."

கேட்டைத் திறந்ததும் விளக்குகள் எரிந்தன. அக்கா தெளிவாகவே பேசினாள். தம்பி உயிரோடு இருக்கிறான், நலமாக இருக்கிறான், புகார் எதுவும் இல்லை, எல்லோரும் வீட்டுக்குப் போங்கள் என்றாள். ஊமையன் எப்போதாவது கேட்டால் கேட்கட்டும் என்பது போல ஒரு கேமராவைப் பார்த்தே சொன்னாள்.

பிறகு ஒருவர், நேரில் பார்த்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றாள். போனில் பேசினீர்களா? இல்லை. பின்னே எப்படித் தெரியும்?

"தெரியும்."

முன்வரிசையில் ஊமையனின் படம் போட்ட சட்டை அணிந்த ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். "அக்கா, உங்களை யார் மிரட்டினாங்க? கண்ணைச் சிமிட்டுங்கக்கா, நாங்க புரிஞ்சிக்கறோம்."

ரேடியோ கூட்டத்துக்குள் பாய்ந்தான். அவன் சங்கத்து ஆட்கள் பத்துப் பேராவது இருந்தார்கள். அவனும் அவர்களோடு சேர்ந்து அழுதவன்தான்; அவன் சொன்னால் கேட்பார்கள். அக்கா சொல்வது சத்தியம், நானே பார்த்தேன் என்று ஒருவனின் தோளைப் பிடித்து உலுக்கினான். எதைப் பார்த்தாய் என்று அவன் கேட்டான். ரேடியோ பீரோ இருந்த பக்கம் திரும்பினான். வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான்.

"போன வாரம் அழுதாங்க. இன்னிக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. கூட ரெண்டு புது ஆளுங்க வேற" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "இது அக்காவே இல்லடா. ஆளை மாத்திட்டாங்க."

கைகள் உயர்ந்தன. ஒவ்வொரு கையிலும் ஒரு போன். ஒருத்தி பழைய பேட்டியை எடுத்து, படத்தைப் பெரிதாக்கி, அதையும் அக்காவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அக்காவுக்கு இடது புருவத்துல ஒரு மரு இருக்குமே" என்றாள். "எங்க?"

அக்காவின் கை அவளை அறியாமலே மேலே போனது. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, தன் புருவத்தைத் தானே தடவித் தேட ஆரம்பித்தாள்.